புதிய பிக்கப் வாகனம் நடுங்கினால் என்ன செய்யலாம்?

ஒரு பிக்கப் வாகனத்தை வாங்குவது இன்று எந்த விவசாயக் குடும்பத்துக்கும் இலேசான காரியமல்ல. 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, விலைகள் பழைய இடத்தில் இருக்கவில்லை. ஆகவே பல கிராமங்களில் நான்கைந்து குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தோ, விவசாய சங்கத்தின் பெயரிலோ, லீசிங் மூலம் ஒரு வாகனத்தை எடுக்கின்றன. இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. குத்தகைக் காணியில் வெட்டிய கிணற்றையும் போட்ட கொட்டிலையும் நட்ட தென்னம்பிள்ளைகளையும் ஒருநாள் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். வாகனம் கூடவே வரும். சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளிலும் அது பயன்படும்.

இப்படி வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி எடுத்த வாகனம் முதல் மாதத்திலேயே நடுங்கத் தொடங்கினால் என்ன செய்வது? எமது மக்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். “புது வண்டிதானே, ஓட ஓடச் சரிவரும்” என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அல்லது சந்தியிலுள்ள கராஜுக்குக் கொண்டுபோய்க் கழற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். முதலாவதில் உத்தரவாதக் காலம் வீணாகக் கழிகிறது. இரண்டாவதில் உத்தரவாதமே கைவிட்டுப் போகலாம். “வெளியார் கை வைத்துவிட்டார்கள்” என்று சொல்லி விற்றவர் விலகிக்கொள்ள நாமே வழி திறந்து கொடுத்தவர்களாகிறோம்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. நடுக்கம் எப்போது வருகிறது என்பதை ஒழுங்காகக் கவனித்தால், அது எங்கிருந்து வருகிறது என்பதில் பாதி தெரிந்துவிடும். இதற்கு ஆயுதம் எதுவும் தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனாவும் கொஞ்சம் பொறுமையும் போதும். அதை எப்படிச் செய்வதென்று இங்கு காண்போம்.

எல்லா நடுக்கமும் பழுதல்ல

லாண்ட்மாஸ்ரர் பிடித்து உழுதவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது அதன் கைபிடி தோள்வரை உதறும். வேகத்தைக் கூட்டினால் உதறல் குறைந்து ஓர் இரைச்சலாக மாறும். புதிதாக வாங்கிய லாண்ட்மாஸ்ரரும் அப்படித்தான். அது பழுதன்று, அந்த எஞ்சினின் இயல்பு.

காரணம் இதுதான். சிலிண்டருக்குள் பிஸ்ரன் மேலே போய் ஒரு கணம் நிற்கிறது; பின் கீழே வந்து நிற்கிறது. கனமான ஓர் இரும்புத் துண்டு இப்படி நின்று திரும்பும் ஒவ்வொரு தடவையும் எஞ்சினுக்கு ஓர் உதை விழுகிறது. அதோடு எரிபொருள் வெடிக்கும் உதையும் சேர்கிறது. நாம் பாவிக்கும் நான்கடிப்பு எஞ்சின்களில், ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும்.

ஓர் எஞ்சின் நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 750 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைச் சிலிண்டராயின் வினாடிக்கு ஏறத்தாழ 6 வெடிப்பு. இரண்டு சிலிண்டராயின் 12 அல்லது 13. நான்கு சிலிண்டராயின் 25. வெடிப்புகள் ஐதாக விழும்போது உடல் அவற்றைத் தனித்தனி உதறலாக உணர்கிறது. நெருங்கி விழும்போது வெறும் அதிர்வாகவே உணர்கிறது. எமது பகுதிகளில் எல்லோரும் அறிந்த பட்டா போன்ற இரண்டு சிலிண்டர்ச் சிறு வாகனம், நான்கு சிலிண்டர்ப் பெரிய கப் வாகனத்தைவிட நின்ற இடத்தில் அதிகம் உதறுவது இதனாலேயே.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்ரன்கள் மேலே போகும்போது மற்ற இரண்டும் கீழே வருகின்றன. ஆதலால் உதைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஆனால் முழுமையாக அல்ல. பிஸ்ரனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு சாய்ந்து சாய்ந்து வேலை செய்வதால், பிஸ்ரன் தன் பாதையின் மேற்பாதியில் விரைவாகவும் கீழ்ப்பாதியில் சற்று மெதுவாகவும் ஓடுகிறது. இந்த வேறுபாட்டினால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை ஒரு சிறு உதை எஞ்சிவிடுகிறது. இதை அழிப்பதற்கு, எதிரெதிராகச் சுழலும் இரண்டு சமநிலைத் தண்டுகளைப் பூட்டலாமென்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டியவர் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். இன்று சில எஞ்சின்களில் அத்தண்டுகள் உண்டு, பலவற்றில் இல்லை.

டீசல் எஞ்சின் இன்னும் முரடானது. அது காற்றை 15 முதல் 20 மடங்குவரை இறுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. பெற்றோல் எஞ்சினில் இறுக்கம் பெரும்பாலும் 10 மடங்கை அண்டியே இருக்கும். டீசல் வாகனத்தின் உதை வலிமையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே, அயலவரின் பெற்றோல் காரோடு எமது டீசல் பிக்கப்பை ஒப்பிட்டுக் கவலைப்படக் கூடாது. அதே வகை, அதே எஞ்சின் கொண்ட இன்னொரு வாகனத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அதைவிட எமது வாகனம் தெளிவாக அதிகம் நடுங்கினால், அப்போது பழுதைத் தேட நியாயம் இருக்கிறது.

நடுக்கத்தை உள்ளே விடாத றப்பர்

எஞ்சின் எப்படியும் நடுங்கும். அந்த நடுக்கம் சட்டத்துக்கும் அங்கிருந்து ஆசனத்துக்கும் வராமல் தடுப்பவை எஞ்சின் மவுண்டிங் எனப்படும் தாங்கிகள். இரும்புத் தகடுகளுக்கு நடுவே றப்பரை ஒட்டிச் செய்தவை அவை. சிலவற்றின் உள்ளே திரவமும் இருக்கும்.

றப்பர் கிழிந்தாலோ, திரவம் ஒழுகினாலோ, பூட்டும்போதே ஒரு பக்கமாக முறுகி இறுகிவிட்டாலோ அது மெத்தையாக வேலை செய்யாது. இரும்பு இரும்பைத் தொட்டதுபோல நடுக்கம் நேராக உள்ளே வரும். புதிய வாகனத்தில் றப்பர் தேய்ந்திருக்க நியாயமில்லை. ஆனால் முறுகிப் பூட்டப்பட்டிருக்கலாம். எஞ்சினோடு தொடர்புள்ள ஏதாவது ஒன்று சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். சைலன்சர்க் குழாய், அதைத் தாங்கும் கொளுக்கி, பின்னர் பூட்டிய முன்கம்பி, வயர்க் கட்டு ஆகியவற்றில் எது தொட்டாலும் போதும். றப்பரைச் சுற்றிப் போகும் ஒரு குறுக்குவழி நடுக்கத்துக்குக் கிடைத்துவிடும்.

மூன்று சோதனைகள்

பின்வரும் சோதனைகளை யாரும் செய்யலாம். ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. சாரதியோடு இன்னொருவர் இருந்து எழுதுவது நல்லது.

முதலாவது, நின்ற இடத்தில். எஞ்சின் நன்றாகச் சூடான பின் சமதரையில் நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்து, நியூட்றலில் விடுங்கள். நடுக்கத்தைக் கவனியுங்கள். பின் அக்சிலேற்றரை மெல்ல அழுத்தி 1000, 1500, 2000 சுற்று என்று ஏற்றுங்கள். எந்தச் சுற்றில் கூடுகிறது, எதில் மறைகிறது? ஏசியைப் போட்டால் கூடுகிறதா? கிளச்சை மிதித்தால் மாறுகிறதா? மிதித்ததும் மாறினால், கிளச்சையும் கியர்ப்பெட்டியையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஓடும்போது. நல்ல நேரான தார் வீதியில், பாரமில்லாமல் ஓட்டுங்கள். எந்த வேகத்தில் நடுக்கம் வருகிறதென்று குறியுங்கள். பிறகு அதே வேகத்தில் வேறொரு கியருக்கு மாற்றுங்கள். கியர் மாறினால் எஞ்சினின் சுற்று மாறும். சில்லின் சுற்று மாறாது. நடுக்கம் அப்படியே இருந்தால் காரணம் சில்லிலோ, சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டிலோ இருக்கும். நடுக்கம் போய்விட்டால் எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டாவது சோதனையில் இன்னொன்றையும் உணரலாம். நடுத்தரப் பிக்கப் ஒன்றின் ரயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அந்தச் சில்லு வினாடிக்கு 8 தடவை சுற்றும். பின் அச்சுக்குப் போகும் நீண்ட தண்டோ அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு, அதாவது வினாடிக்கு 32 தடவை சுற்றும். ஆகவே ஆசனத்தைத் தூக்கித் தூக்கிப் போடும் மந்தமான ஆட்டம் பெரும்பாலும் சில்லிலிருந்து வருவது. பாதத்தில் கூசும் விரைவான அதிர்வு பெரும்பாலும் தண்டிலிருந்தோ எஞ்சினிலிருந்தோ வருவது.

மூன்றாவது, பாரத்தோடு. பாரமில்லாமல் ஒருமுறை, வழமையான பாரத்தோடு ஒருமுறை ஓட்டுங்கள். நின்ற இடத்திலிருந்து இழுக்கும்போது மட்டும் நடுங்குகிறதா? மேட்டில் ஏறும்போது மட்டுமா? பிறேக் பிடிக்கும்போது மட்டுமா? பிறேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்ரியரிங் ஆடினால் அது பிறேக் தட்டின் குறை. எஞ்சினைத் தேடிப் பயனில்லை.

நின்ற இடத்தில் நடுங்கினால்

1000 சுற்றுக்கு மேல் மறைந்துவிடும் சீரான நடுக்கமாயின், முதலில் மவுண்டிங்கையும், சட்டத்தைத் தொடும் குழாய் கம்பிகளையும், நின்ற இட ஓட்டத்தின் சுற்று குறைந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மவுண்டிங் போல்ட்டுகளைத் தளர்த்தி, எஞ்சின் தன் பாரத்தில் தானாக அமர விட்டு, மீண்டும் உரிய அளவுக்கு இறுக்குவது வேலைத்தலங்கள் அறிந்த ஒரு முறை. ஆனால் உத்தரவாதக் காலத்தில் அதை விற்றவரின் வேலைத்தலமே செய்ய வேண்டும்.

நடுக்கம் சீராக இல்லாமல், இடையிடையே தடுக்கி விழுவதுபோல் இருந்தால், ஒரு சிலிண்டர் ஒழுங்காக வெடிக்கவில்லை என்று ஐயுறலாம். பெற்றோல் வாகனத்தில் பிளக், கொயில் ஆகியவை காரணமாகலாம். டீசல் வாகனத்தில் நொசில், டீசல் பாதையில் காற்று, அல்லது டீசலில் தண்ணீர். 2022 இன் எரிபொருள் நெருக்கடியின்போது பலர் பரல்களிலும் கலன்களிலும் டீசல் சேமித்தார்கள். அந்தப் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. பரலின் அடியில் தண்ணீரும் துருவும் படியும். பழைய லாண்ட்மாஸ்ரர் அதைச் சகித்துக்கொள்ளும். புதிய பிக்கப்பின் நொசில் சகிக்காது. அந்த டீசலைப் புதிய வாகனத்துக்கு ஊற்றவே வேண்டாம்.

இங்கு ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய டீசல் எஞ்சின்களில், எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பதற்கு, எஞ்சின் ஓடும்போதே நொசில் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது எமது மெக்கானிக்மாரின் வழக்கம். இன்றைய பிக்கப்புகளில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. அவற்றில் டீசல் ஒரு பொதுக் குழாயில் ரயரின் காற்றழுத்தத்தைப்போல் ஐந்நூறு முதல் ஆயிரம் மடங்குவரை அழுத்தத்தில் நிற்கிறது. நட்டைத் தளர்த்தினால் ஊசிபோலப் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் அதே ஆபத்து. வெளியே ஒரு சிறு துளை மட்டும் தெரியும்; முதலில் வலியும் குறைவாக இருக்கலாம். உள்ளே தசை அழுகத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் மருந்து பூசிக் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். “அழுத்தத்தோடு டீசல் உள்ளே ஏறிவிட்டது” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சில மணித்தியாலத் தாமதம் விரலையோ கையையோ இழக்கச் செய்யலாம்.

ஓடும்போது நடுங்கினால்

முதலில் மிக எளிய காரணங்களைப் பாருங்கள். நாலு ரயரிலும் காற்று சரியா? சில்லு நட்டுகள் இறுக்கமா? ரிம்மின் உட்பக்கத்தில் சேறு ஒட்டியிருக்கிறதா?

சேறுதானே என்று எண்ண வேண்டாம். மழைக்காலத்தில் வயற்பாதையில் ஓடிவிட்டு வீட்டில் நிறுத்தினால், செம்மண்ணோ களியோ ரிம்முக்குள் ஒரு பக்கமாக இறங்கிக் காய்ந்துவிடும். பதினைந்து அங்குல ரிம்மில் 200 கிராம் மண் ஒட்டியிருந்தால், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறத்தாழ 9 கிலோ பாரத்தின் விசையோடு சில்லை ஒவ்வொரு சுற்றிலும் வெளியே இழுக்கும். வேகம் இரு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு குச்சியும் இந்த நடுக்கத்தை நீக்கிவிடும்.

அடுத்தது ரயரின் தட்டை. புதிய வாகனங்கள் கப்பலிலும் களஞ்சியத்திலும் பல மாதங்கள் ஒரே இடத்தில் நிற்பதுண்டு. நிலத்தில் அழுந்திய பகுதி தட்டையாகிவிடும். அரை மணி நேரம் ஓடி ரயர் சூடாக இது பெரும்பாலும் நீங்கும். ஒவ்வொரு காலையும் வந்து, ஓடியதும் மறையும் நடுக்கமாயின் இதை நினையுங்கள். நாட்கணக்கில் ஓடியும் மறையாவிட்டால், ரயரையும் சில்லின் சமநிலையையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, கராஜில் புரொப்பலர் சாப்ட் என்று சொல்லப்படும் அந்த நீண்ட தண்டு. பல பிக்கப்புகளில் அது இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் ஒரு பேரிங் தாங்கி உண்டு. தண்டின் முனைகளில் சிலுவை வடிவ மூட்டுகள் இருக்கும். இந்த மூட்டுகள் குறித்த கோணத்தில் நின்றால்தான் தண்டு சீராகச் சுழலும். கோணம் மாறினால், குறிப்பாக நின்ற இடத்திலிருந்து பாரத்தோடு இழுக்கும்போது வாகனம் உதறும்.

எமது மக்கள் அறியாமலே இந்தக் கோணத்தை மாற்றிவிடுவதுண்டு. நெல்மூடை கூடுதலாக ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிரிங்கில் இன்னும் இரண்டு தகடு சேர்க்கிறார்கள். அல்லது கட்டை வைத்து உயர்த்துகிறார்கள். பின் அச்சு இருந்த நிலை மாறுகிறது. தண்டின் கோணமும் மாறுகிறது. பின்னர் “வாகனம் நடுங்குகிறது” என்று விற்றவரிடம் போனால், அவர் முதலில் பார்ப்பது அந்தத் தகடுகளைத்தான். உத்தரவாதக் காலம் முடியும்வரை ஸ்பிரிங்கிலோ ரயர் அளவிலோ எதையும் மாற்ற வேண்டாம். புத்தகத்தில் குறித்த பாரத்துக்கு மேல் ஏற்றவும் வேண்டாம்.

ஒரு சங்கத்தின் அனுபவம்

நாம் அறிந்த வன்னிக் கிராமம் ஒன்றில், ஆறு குடும்பங்கள் சேர்ந்து நான்கு சிலிண்டர் டீசல் பிக்கப் ஒன்றை லீசிங்கில் எடுத்தன. மரக்கறியைச் சந்தைக்கு ஏற்றுவதே நோக்கம். நின்ற இடத்தில் வாகனம் நடுங்கியது; ஏசி போட்டால் ஸ்ரியரிங்கைப் பிடிக்கவே கை கூசியது. விற்ற இடத்துக்கு இரண்டு தடவை கொண்டுபோனார்கள். இரண்டு தடவையும் “டீசல் எஞ்சின் இப்படித்தான்” என்ற பதிலோடு திரும்பினார்கள். குடும்பங்களுக்குள் கசப்பு வளர்ந்தது. “நீதானே இந்த வாகனத்தைத் தெரிவுசெய்தாய்” என்று ஒருவரையொருவர் குறைகூறும் நிலை வந்தது. ஒரு குடும்பம் தன் பங்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டது.

அதன்பின்னரே அவர்கள் கொப்பி தொடங்கினார்கள். சாரதி சொல்ல, உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை எழுதினாள். இரண்டு கிழமையில் ஒன்று தெளிவானது. நடுக்கம் 1000 சுற்றுக்குக் கீழே மட்டுமே வந்தது. வீதியில் ஓடும்போது ஒருபோதும் வரவில்லை. ஆகவே சில்லும் தண்டும் காரணமல்ல. அயற்கிராமத்தில் அதே வகை வாகனம் ஒன்று இருந்தது. இரண்டையும் அருகருகே நிறுத்தி, இரண்டின் முன்தட்டிலும் அரைக் கிளாஸ் தண்ணீர் வைத்தார்கள். ஒன்றில் தண்ணீர் மெல்லச் சிலிர்த்தது. மற்றதில் விளிம்பைத் தாண்டித் தெறித்தது.

மூன்றாவது தடவை கொப்பியோடும் கடிதத்தோடும் போனார்கள். தொழில்நுட்பவியலாளர் ஒருவர் சாரதிக்குப் பக்கத்தில் அமர்ந்து பார்க்க வேண்டுமென்று கேட்டார்கள். எஞ்சினின் ஒரு பக்க மவுண்டிங் முறுகிய நிலையில் இறுக்கப்பட்டிருந்ததும், சைலன்சர்க் குழாய் ஓரிடத்தில் சட்டத்தை முட்டிக்கொண்டிருந்ததும் தெரியவந்தன. தளர்த்தி அமர்த்தி இறுக்கியதோடு வேலை முடிந்தது. பணம் கேட்கப்படவில்லை. நடுக்கம் முற்றாகப் போகவில்லை. மற்ற வாகனத்தில் இருந்த அளவுக்கு இறங்கியது. அந்த மிச்சம் எஞ்சினின் இயல்பு என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

கொப்பி, கடிதம், தவணை

கொப்பியில் நீண்ட கதை வேண்டாம். ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். திகதி, ஓடிய கிலோமீற்றர், பாரம், வேகம், கியர், எஞ்சின் சுற்று, நடுக்கத்தை எங்கே உணர்ந்தீர்கள் என்பன அதில் இருக்க வேண்டும். “காலை, 1240 கி.மீ., பாரமில்லை, நின்ற இடம், 750 சுற்று, ஏசி போட்டதும் ஸ்ரியரிங் நடுக்கம், 1000 இல் இல்லை” என்று எழுதினால், பார்க்கும் மெக்கானிக்குக்கு அதுவே வழிகாட்டும்.

வேலைத்தலத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் உங்கள் முறைப்பாட்டை அவர்களது வேலை அட்டையில் எழுதச் சொல்லி, பிரதியை வாங்குங்கள். “குறை எதுவும் காணப்படவில்லை” என்று எழுதினாலும் அந்தப் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதம் முடிந்த பின் பழுது பெரிதானால், அது உத்தரவாத காலத்திலேயே தொடங்கியது என்பதற்கு அந்தத் தாளே சாட்சி. புத்தகத்தில் குறித்த சேர்விஸ்களையும் தவறாமல் உரிய இடத்தில் செய்துகொள்ளுங்கள்.

இரண்டு மூன்று தடவை போயும் பயனில்லையென்றால், விற்றவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதுங்கள். கொப்பியின் பிரதியை இணையுங்கள். வாங்கும் பொருள் அதற்குரிய நோக்கத்துக்குத் தகுதியானதாக இருக்க வேண்டும் என்ற கருத்து எமது நாட்டுச் சட்டத்துக்குப் புதிதல்ல. 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றி முறைப்பாடு செய்யலாம். அம்முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். “போகப்போகச் சரிவரும்” என்று காத்திருப்போர் இழப்பது இந்த மூன்று மாதத்தைத்தான்.

லீசிங்கில் எடுத்தவர்களுக்கு ஒரு சொல். தவணை முடியும்வரை கடதாசியில் வாகனம் லீசிங் கம்பனியின் உடைமை. ஆகவே விற்றவருக்கு எழுதும் கடிதத்தின் பிரதி ஒன்றை அவர்களுக்கும் அனுப்புங்கள். ஆனால் வாகனம் நடுங்குகிறது என்பதற்காகத் தவணையை நிறுத்த வேண்டாம். விற்றவரோடு உள்ள வழக்கு வேறு, லீசிங் கம்பனியோடு உள்ள உடன்படிக்கை வேறு. தவணை நின்றால் வாகனத்தையே தூக்கிச் சென்றுவிடுவார்கள். பிறகு நடுக்கத்தைப் பற்றிப் பேச வாகனமே இராது. கூட்டாக எடுத்த குடும்பங்கள் இதைக் கூட்டத்தில் பேசித் தீர்மானமாக எழுதி வைப்பது நல்லது.

உடனே நிறுத்த வேண்டிய வேளைகள்

பெரும்பாலான நடுக்கத்தோடு வேலைத்தலம் வரை ஓட்டிப் போகலாம். ஆனால் சில வேளைகளில் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். ஒயில் விளக்கு எரிந்தால், நடுக்கம் திடீரென்று கூடி அடியில் இரும்பு அடிபடும் சத்தம் கேட்டால், ரயர் மாற்றிய பின் ஸ்ரியரிங் ஆடத் தொடங்கினால், டீசல் மணத்தால். அடியில் அடிபடுவது தண்டாக இருக்கலாம், ஆடுவது கழன்றுவரும் சில்லாக இருக்கலாம். இவை உயிரோடு விளையாடுபவை.

சிறு நடுக்கத்தையும் அலட்சியம் செய்யலாகாது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நாள் முழுதும் விழும் சிறு உதைகள் நட்டைக் கழற்றும், பற்றறி வயரைத் தளர்த்தும், குழாயை வெடிக்கச் செய்யும். கிழமைக்கு ஒருமுறை அவற்றைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட தூரம் ஓட்டும் சாரதியின் முதுகும் பழுதுபடும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது அவர் இறங்கி நடக்கட்டும். பின்னால் இருக்கும் தக்காளிக்கும் அதே கதிதான். சாக்கிலும் பெரிய கூடையிலும் அடுக்கினால் அடியிலுள்ளவை சந்தைக்குப் போகுமுன் நசுங்கிவிடும். ஆழமில்லாத பிளாஸ்ரிக் கூடைகளில் அடுக்கி, கூடைகள் ஆடாதபடி கட்டினால், வாகனம் திருத்தப்படும்வரை விளைச்சலையாவது காப்பாற்றலாம்.

வாகனத்தைக் கூட்டாக வைத்திருக்கும் சங்கங்கள் அடுத்த மாதக் கூட்டத்திலேயே கொப்பிக்குப் பொறுப்பாக ஒருவரைத் தெரிவுசெய்யட்டும். வாகனம் இன்று நன்றாக ஓடினாலும் கொப்பியைத் தொடங்கலாம். நாளை ஒரு நடுக்கம் வந்தால், அது எந்த நாளில் தொடங்கியது என்று தேட வேண்டியிராது.